தாதியர் மாணவரும் தம்மைப் பேணும் திறனும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நோயாளியைப் பேணக் கற்கும் மாணவி தன்னைப் பேணவும் கற்கிறாளா என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். நாயாற்றிலே இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. உயர்தரப் பரீட்சையில் தேறும் நமது பிள்ளைகளுக்கு வவுனியா, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரிகள் ஒரு நல்வழியாகும்.

வள்ளுவப் பெருந்தகை 95ஆம் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு பணிவிடை செய்வோனையும் ஒரு கூறாக வைத்தார். நான்கில் ஒன்று தளர்ந்தால் ஏனைய மூன்றும் பயன் குன்றுமன்றோ?

1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியரின் பெயர், என்போன்று மிசன் பாடசாலையிற் பயின்றோர்க்குப் புதிதன்று. உடலின் அமைப்பு, அதன் தொழில் என்பவற்றோடு சுகம் பேணும் முறையையும் சேர்த்து அவர் தமிழில் நூலாக்கித் தந்தார். ஆகவே இவ்வறிவு நமக்குப் புதிதன்று. குறை வேறெங்கோ இருக்கிறது.

அமெரிக்கத் தாதியாகிய டொறத்தியா ஒறெம் அம்மையார் 1971இல் தாதியியல் நூலொன்றை வெளியிட்டார். தன்னைப் பேணுதல் பிறவிக்குணமன்று, பழகிப் பெறும் திறன் என்பது அவர் கொள்கை. வயது, உடல்நிலை, குடும்பம், வாழும் முறை, சூழல், கைப்பொருள் முதலியன அத்திறனை வளர்க்கும், அல்லது குறைக்கும் என்றும் அவர் வகுத்தார்.

இதை நம் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் பெண்பிள்ளை, தன் பசியைப் பின்தள்ளவே பழகுகிறாள். கடற்றொழில் குன்றிய மாதத்தில் வீட்டை நினைத்துக் காலையுணவை விட்டுக் காசு மிச்சம் பிடிக்கிறாள். வளர்ந்தவர்க்கு ஏழு மணி நேர நித்திரையாவது வேண்டும். இரவு வேலையோ உடலின் இயல்பான ஒழுங்கையே மாற்றிவிடுகிறது. பரீட்சை நெருங்கினால் எஞ்சிய நித்திரையும் போகிறது. காய்ச்சலோடு வேலைக்கு வந்த மூத்தவரை எல்லாரும் மெச்சினால், இளையவளும் அதையே கடமையென்று எண்ணுகிறாள். நிறையுணவின் பயனை நோயாளிக்கு எடுத்துரைப்பவள் தான் பட்டினி கிடப்பது அறியாமையினாலன்று.

இது அவளோடு முடியும் துன்பமுமன்று. களைத்த கை மருந்தின் அளவிற் பிழைவிடலாம். அவளது காய்ச்சல் நோயாளிக்குத் தொற்றலாம். தாதி தன் உடல்நலம் பேணுவதைச் சர்வதேச தாதியர் பேரவையின் ஒழுக்கக் கோவையும் கடமையாகவே கூறுகிறது.

ஆகவே பெற்றோரே, விடுதியிலிருந்து பிள்ளை பேசும்போது புள்ளிகளை மட்டும் கேளாதீர்கள். உண்டாயா, நித்திரை கொண்டாயா என்றும் கேளுங்கள். வீட்டிலே ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் உண்ணட்டும். கல்லூரிகள் இரவு வேலைக்குப்பின் ஓய்வை உறுதிசெய்யட்டும். மாணவியரே, நோயுற்றால் நோயென்று சொல்லக் கூசாதீர்கள். வாலிபர்களே, கைப்பொருளின்றி இடர்ப்படும் மாணவிக்கு நம் சங்கம் உதவலாகாதா?

கரையிலிருந்து வலை பொத்துபவனைச் சோம்பேறி என்று நம்மூரில் எவரும் சொல்வதில்லை. கிழிந்த வலையோடு கடலுக்குப் போவாருமில்லை. தாதி மாணவியின் ஓய்வையும் அவ்வாறே மதிப்போமாக.