பழைய விளையாட்டும் புதிய வேண்டுகோளும்



மனிதர் விரும்பிக் கேட்பவை இருவகைப்படும். இதுவரை இல்லாத ஒன்றைக் கேட்பது ஒருவகை. முன்பு இருந்த ஒன்றையே மீண்டும் கேட்பது மற்றொரு வகை. முதல் வகையினரை முன்னேற்றம் நாடுவோர் என்று உலகம் போற்றுகிறது. இரண்டாம் வகையினரைப் பழமையில் தோய்ந்தோர் என்று எள்ளுகிறது. அந்த எள்ளல் எப்போதும் நேர்மையானதன்று. நேற்றிரவு பாட்டி சொன்ன கதையையே இன்றிரவும் சொல்லச் சொல்கிறது குழந்தை. கதை மறந்துபோனதால் கேட்கவில்லை; நன்றாக நினைவிருப்பதாலேயே கேட்கிறது. பாட்டி ஒரு சொல்லை மாற்றிவிட்டாலும், "அப்படி இல்லை, பாட்டி" என்று திருத்தவும் செய்கிறது. இக்குழந்தையின் உள்ளத்தை அறிந்துகொண்டால், நான் இன்று பேசப்போகும் செய்தியில் பாதி விளங்கிவிடும்.

பழைய வீடியோ விளையாட்டு ஒன்றைப் புதிதாக ஆக்கித் தருமாறு, அதனை நேசித்தவர்கள் ஒரு நிறுவனத்தைப் பல்லாண்டுகள் வேண்டிநின்ற வரலாறே அச்செய்தி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியனுக்கும் இப்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். தொடர்பு ஒரு மடலால் வந்தது.

2015ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அறைக்கு வந்தான். ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு பக்க மடலை என் மேசைமேல் வைத்து, "பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள், ஐயா" என்றான். முதல் வரியைப் பார்த்தேன்; சப்பானிலுள்ள ஒரு விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதப்பட்டிருந்தது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதங்கூட இல்லை. "விளையாட்டுக்கு விண்ணப்பமா? போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்று கடிந்து, மடலை மேசை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன். அவன் "சரி, ஐயா" என்று சொல்லிச் சென்றான். 2019இல் பணி நிறைவு பெற்ற நாளன்று மேசையைக் காலி செய்கையில் அம்மடல் மீண்டும் என் கைக்கு வந்தது. அன்றுதான் அதனை முழுவதும் படித்தேன். என்ன கேட்டிருந்தான் என்பதை இறுதியில் சொல்கிறேன். அவன் கேட்டது எதனை என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அவ்விளையாட்டின் பெயர் ஃபைனல் ஃபேன்டஸி ஏழு. சப்பானின் ஸ்கொயர் நிறுவனம் அதனை 1997ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆறு விளையாட்டுகளும் நிண்டெண்டோ நிறுவனத்தின் கருவிகளுக்காகவே ஆக்கப்பட்டவை. அவை, நம்மூரில் கேசட் என்று வழங்கும் சிறு பெட்டிகளில் அடங்கின. நிண்டெண்டோ தன் அடுத்த கருவிக்கும் அத்தகைய பெட்டியையே தேர்ந்தது. அதன் கொள்ளளவோ ஒரு குறுந்தட்டின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. தாம் எண்ணிய கதையும் காட்சியும் அதனுள் அடங்கா என்று உணர்ந்த ஸ்கொயர் நிறுவனத்தார், சோனியின் பிளேஸ்டேஷன் கருவிக்கு மாறினர். அங்கும் ஒரு தட்டு போதவில்லை. விளையாட்டு மூன்று குறுந்தட்டுகளில் வெளிவந்தது.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அந்நெறியின்படி கூறுகிறேன். நாவல் ஒன்றை நீங்கள் படிக்கும்போது கதைத்தலைவன் நடக்கிறான், நீங்கள் பார்க்கிறீர்கள். இவ்வகை விளையாட்டிலோ அவனை நடத்திச் செல்பவரே நீங்கள்தாம். பல பத்து மணி நேரம் அவனோடு ஊர் ஊராகத் திரிகிறீர்கள். மிட்கர் என்னும் மாநகரில், ஷின்ரா என்னும் பெருநிறுவனம் நிலவுலகின் உயிராற்றலையே உறிஞ்சி மின்விசையாக்குகிறது. அதனை எதிர்ப்போர் கூட்டத்தில் கூலிக்கு வந்து சேரும் வீரன் கிளவுட். மலர் விற்கும் மங்கை ஏரித் அவனுக்குத் துணையாகிறாள். முதல் தட்டு முடியும் இடத்தில் ஏரித் கொல்லப்படுகிறாள். அவளை மீட்க வழியே இல்லை. தோற்றால் மீண்டும் ஆடலாம் என்பதே விளையாட்டின் இயல்பு. அவ்வியல்புக்கு மாறாக, இழப்பு என்பது திரும்பாதது என்று அக்காட்சி இளைஞர்க்கு உணர்த்தியது. பலர் கண்ணீர் விட்டனர்.

இத்தனையும் எத்தகைய உருவங்களால்? பெட்டிகளை அடுக்கியது போன்ற உடல்கள். விரல் பிரியாத கைகள். குரல் என்பதே இல்லை. உரையாடல் அனைத்தும் எழுத்தில் தோன்றும். கருவி தந்தது கொஞ்சம். எஞ்சியதை ஆடுவோரின் கற்பனை நிரப்பிற்று. காலப்போக்கில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன.

ஸ்கொயர் நிறுவனம் 2003இல் எனிக்ஸ் நிறுவனத்தோடு இணைந்து ஸ்கொயர் எனிக்ஸ் ஆயிற்று. 2005இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடந்த விளையாட்டுக் கண்காட்சியில், பிளேஸ்டேஷன் 3 கருவியின் ஆற்றலைக் காட்டுவதற்காக, இப்பழைய விளையாட்டின் தொடக்கக் காட்சியைப் புதிய ஓவியத் திறத்தோடு திரையிட்டனர். இது வெறும் மாதிரியே, மறுஆக்கம் அன்று என்று நிறுவனம் விளக்கிற்று. யார் கேட்டார்கள்? பசித்தவன் முன் இலையைப் போட்டுவிட்டு, விருந்து இல்லை என்று சொன்னது போலாயிற்று. அன்று தொடங்கிய வேண்டுகோள் ஓயவில்லை. மனுக்கள் எழுதப்பட்டன. எந்த நேர்காணலிலும் அக்கேள்வி எழுந்தது. 2014ஆம் ஆண்டு திசம்பரில், லாஸ் வேகாஸ் மேடையில் நிறுவனத்தின் சார்பாளர் தோன்றி அவ்விளையாட்டின் பெயரைச் சொன்னதும் அரங்கம் ஆர்ப்பரித்தது. அடுத்த நொடியில், பழைய விளையாட்டே பழையபடி புதிய கருவியில் ஆடத்தக்கதாக வரும் என்றார், ஆரவாரம் அடங்கிற்று. என் மாணவன் மடலோடு வந்தது அதற்கு அடுத்த மாதத்தில் என்பதைப் பிற்பாடு அறிந்தேன்.

2015ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள், மறுஆக்கம் உறுதி என்ற அறிவிப்பு வந்தது. பழைய விளையாட்டின் இயக்குநர் யோஷினோரி கிடாசே தயாரிப்பாளரானார். அன்று பாத்திரங்களை வரைந்த டெட்சுயா நோமுரா இன்று இயக்குநரானார். கதை எழுதிய கசுஷிகே நொஜிமாவும் வந்து சேர்ந்தார். முழுக் கதையையும் இன்றைய நுணுக்கத்தோடு ஒரே படைப்பில் அடக்க முயன்றால் பலவற்றை வெட்ட நேரும் என்று கூறி, அதனைப் பல பகுதிகளாகப் பிரித்தனர். முதற்பகுதி 2020 ஏப்ரல் 10ஆம் நாள், பெருந்தொற்றுக்கு அஞ்சி உலகம் வீட்டுக்குள் அடைந்திருந்த காலத்தில் வெளியாயிற்று. பழைய விளையாட்டில் சில மணி நேரத்தில் கடந்துபோகும் மிட்கர் நகரக் கதை மட்டுமே அதில் ஒரு முழு விளையாட்டாக விரிந்தது. இரண்டாம் பகுதி 2024 பிப்ரவரி 29ஆம் நாள் வந்தது.

கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைத்ததா? இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். முதற்பகுதியில் முக்காடிட்ட ஆவிகள் சில வருகின்றன. கதை 1997ஆம் ஆண்டின் வழியினின்று விலகும்போதெல்லாம் அவை கூட்டமாக வந்து மறித்து, அதனைப் பழைய தடத்திற்கே தள்ளுகின்றன. இறுதியில் கதைமாந்தர் அந்த ஆவிகளோடு போரிட்டு வெல்கின்றனர். அதன்பின் கதை எவ்வழியும் செல்லலாம் என்ற நிலை பிறக்கிறது. இதனைக் கண்டு சிலர் மகிழ்ந்தனர், சிலர் சினந்தனர். "நாங்கள் கேட்டது இதுவன்று" என்றனர். "அந்த ஆவிகள் வேறு யாருமல்லர், ஒரு சொல்லும் மாறக்கூடாது என்று நின்ற நாமே" என்று பொருள் கண்டவரும் பலர். பாட்டியைத் திருத்திய குழந்தையை இப்போது நினைத்துப் பாருங்கள்.

என் கருத்து இது. பழையதை மீண்டும் கேட்பவர் உண்மையில் இரண்டு பொருள்களைக் கேட்கிறார். ஒன்று, அந்தப் படைப்பு. மற்றொன்று, அதனை முதன்முதல் கண்டபோது தமக்கிருந்த வயது. முன்னதை நிறுவனம் தரலாம். பின்னதை எவராலும் தர இயலாது. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர்க்கு எந்த மறுஆக்கமும் ஏமாற்றமாகவே முடியும். பிரித்தறிந்தவர்க்கோ புதியது ஒரு பரிசு. பழையதும் கைவிட்டுப் போவதில்லை. 1997ஆம் ஆண்டின் விளையாட்டு இன்றும் விற்பனையில் இருக்கிறது.

கேட்கும் முறைபற்றியும் ஒரு சொல். அன்பு மிகுந்தால் உரிமை வந்துவிடுவதில்லை. நிண்டெண்டோவின் பழைய மெட்ராய்டு விளையாட்டு ஒன்றை, அன்பர் ஒருவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்துத் தாமே மறுஆக்கம் செய்து 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். பதிப்புரிமையைக் காட்டி நிறுவனம் அதனைத் தடுத்தது. மறு ஆண்டே அவ்விளையாட்டின் மறுஆக்கத்தைத் தானே வெளியிட்டது. கேப்காம் நிறுவனம் நடந்துகொண்ட விதம் வேறு. ரெசிடென்ட் ஈவில் இரண்டு என்னும் விளையாட்டை இத்தாலிய இளைஞர் குழு ஒன்று மறுஆக்கம் செய்து வந்தது. 2015இல் கேப்காம் அதனை நிறுத்தச் சொல்லிற்று. ஆனால், "வாருங்கள், பேசுவோம்" என்று அழைக்கவும் செய்தது. அவ்விளைஞர் தம் சொந்த விளையாட்டு ஒன்றை ஆக்கி 2019இல் வெளியிட்டனர். கேப்காமின் மறுஆக்கம் வந்ததும் அவ்வாண்டிலேதான். சட்டம் இரண்டிடத்தும் ஒன்றே. ஆயினும், நேசித்து வந்தவனை வாயிலில் நிறுத்துவது வேறு. உள்ளே அழைத்து உரிமை இன்னதென்று சொல்வது வேறு.

நான் என் மாணவனை வாயிலிலேயே நிறுத்தியவன். அவன் மடலில் எழுதியிருந்ததை இப்போது சொல்கிறேன். அண்ணனும் அவனும் ஒரு பழைய கருவியில் அவ்விளையாட்டைச் சேர்ந்து ஆடியவர்கள். அண்ணன் வேலை தேடி அயல்நாடு சென்றபின் அவன் தனியே ஆடிவந்தான். விளையாட்டைப் புதிதாக ஆக்கினால், அண்ணன் எங்கிருந்தாலும் வாங்குவான், இருவரும் ஒரே நாளில் தொடங்குவோம் என்று எழுதியிருந்தான். "எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், தொடக்கத்தில் அப்பெண் ஏந்திவரும் மலர்க்கூடையை மட்டும் மாற்றாதீர்கள்" என்பது அவனுடைய கடைசி வேண்டுகோள். மாற்றம் வரும் என்பதையும், எல்லாவற்றையும் பற்றிக்கொள்ள இயலாது என்பதையும் அப்பதினேழு வயதுப் பிள்ளை அறிந்திருந்தான். அறியாதவன் நான்.

புதிய விளையாட்டின் தொடக்கக் காட்சியை என் பேரன் எனக்குக் காட்டினான். இருண்ட சந்தினின்று அம்மங்கை வெளிவருகிறாள். கையில் மலர்க்கூடை இருக்கிறது.

அம்மடலில் இரண்டே இரண்டு பிழைகள் இருந்தன. இரண்டையும் சிவப்பு மையால் திருத்தி வைத்திருக்கிறேன். அம்மாணவன் எங்கேனும் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், மடல் என்னிடம் பத்திரமாக உள்ளது என்று அறிந்துகொள்ளட்டும், வந்து பெற்றுக்கொள்ளட்டும்.

உங்களுக்கு நான் கூறுவது இதுவே. நீங்கள் நேசிக்கும் ஒன்றுக்காக விண்ணப்பம் எழுத நாணாதீர்கள். பணிவாக எழுதுங்கள், பிழையின்றி எழுதுங்கள், எது மாறலாம் எது மாறலாகாது என்று தெளிந்து எழுதுங்கள். நாளை நீங்கள் மேசைக்கு அப்பால் அமரும் காலம் வரும். அப்போது ஒருவன் மடலோடு வந்தால், முதல் வரியோடு நிறுத்திவிடாமல் முழுவதும் படியுங்கள்.