ஒரு வீடு, தனித்தனி அடுப்பு
(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மேடை நாடகம் சினிமாவாகும்போது காலம் எப்படி மாறியிருக்கிறது என்பது தெரியும். அதற்கு உதாரணம் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் நம் காரைக்குடிக்கு வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ போட்டார். ப. நீலகண்டனின் 'தியாக உள்ளம்' நாடகம் அங்கேதான் 'நாம் இருவர்' படமானது. வெளிவந்தது 1947 ஜனவரியில். சுதந்திரம் வாசல்வரை வந்துவிட்ட நேரம் அது. பாரதி பாட்டுக்கே ஜனங்கள் திரண்டார்கள். 1951-இல் அதே ஏவி.எம். அண்ணாவின் 'ஓர் இரவு' நாடகத்தைப் படமாக்கியது. அதற்குள் காற்று சீர்திருத்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கான படம் 1986-இல்தான் வந்தது: 'சம்சாரம் அது மின்சாரம்'. விசு 'உறவுக்குக் கை கொடுப்போம்' என்று மேடையில் போட்ட நாடகம், 1975-இல் ஒருமுறை படமாகி, ஏவி.எம்.முக்காக மறுபடி எழுதப்பட்டது. தேசிய விருதும் வாங்கியது.

கதை உங்களுக்குத் தெரியும். பிரசவத்துக்குப் போன மனைவி வீட்டில் சாப்பிடவில்லை, அதனால் அந்தப் பணத்தைக் கழித்துத்தான் தருவேன் என்கிறான் மூத்த மகன். (வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், கணக்கில் தப்பே இல்லை!) அப்பா கோபப்பட, வீட்டின் நடுவே கோடு விழுகிறது. கடைசியில் எல்லாரும் சமாதானமாகும்போது மூத்த மருமகள் உமா, "இனி ஒன்றாக இருக்க வேண்டாம், தனியாக இருந்து வந்து போவோம்" என்ற முடிவைச் சொல்கிறாள். கூட்டுக் குடும்பம் கூடிச் சிரிப்பதோடு படம் முடிந்து பழகியவர்களுக்கு அது புதிது. எனக்கு அப்போது அவள் மேல் கோபம்தான் வந்தது. இன்று என் மகன் வெளியூரில். உமா சொன்னபடிதான் நடக்கிறது. இந்தக் கட்டடத்தில் பாதி வீடுகளிலும் அப்படித்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நகரத்தார் வீடுகளில் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணமானதும் கொஞ்ச காலத்தில் தனி அடுப்பு, தனிச் செலவு. சண்டை போட்டுப் பிரிவதல்ல, முறையாகப் பிரித்து வைப்பது. வீடு மட்டும் பொது. வளவைச் சுற்றி அவரவர் அறை. விசேஷம் வந்தால் எல்லாரும் ஒரே பந்தியில். செலவுக் கணக்கு தனித்தனி. ஆனால் ராத்திரி ஒரு கிழவர் இருமினால் வளவு முழுக்கக் கேட்கும்.

உமா அடுப்பைப் பிரித்ததோடு நிற்காமல் வீட்டையும் பிரித்துவிட்டாள். அம்மையப்ப முதலியாருக்கு நடுராத்திரி நெஞ்சு வலித்தால் யார் கதவைத் தட்டுவார்கள் என்று படம் சொல்லவில்லை. 1986-இல் அவரும் திடமாகத்தான் இருந்தார்.

நமக்கு இங்கே வளவு இல்லை, நடுவில் லிஃப்ட்தான் இருக்கிறது. இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் ஒருவர் தன் சாவி ஒன்றை எதிர்வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறார். நானும் போன வாரம் ஒரு சாவி வெட்டிக்கொண்டு வந்தேன். யாரிடம் கொடுப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கூட்டம் முடிந்ததும் கேட்கிறேன்.