ஒரு பெட்டியில் இரு களஞ்சியம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. கற்றோர் சிலம்பையும் கம்பனையும் எடுத்துரைக்கும் இவ்விடத்தில், மடிக்கணினியில் இரண்டாவது சேமிப்புத் தட்டு அமைப்பதைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் ஐயுறக்கூடும். அந்த ஐயம் நியாயமானதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். மாற்றல் உத்தரவு வருந்தோறும் மூட்டை கட்டும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்குப் பரண் ஏது? பரம்பரைப் பெட்டகம் ஏது? தாத்தாவின் புகைப்படம், திருமணத்தின் வீடியோ, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், ஊரிலுள்ள மனையின் பத்திரம் ஆகிய யாவும் இன்று ஒரே மடிக்கணினிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. நம் பெட்டகம் அதுவே. அதைக் காக்கும் வழி அறிதலும் நம் கடமையன்றோ?

நம் காலனியில் ஒரு குடும்பத்தில் நேர்ந்ததைச் சொல்லுவோம். அவ்வீட்டு மூதாட்டி பாடிய தாலாட்டுகளைப் பேத்தி பதிவு செய்து மடிக்கணினியில் வைத்திருந்தாள். கைபேசியில் இடம் போதாமையால் அதிலிருந்த மூலத்தை அழித்துவிட்டனர். மூதாட்டி காலமானார். சில திங்கள் கழித்து மடிக்கணினி மேசையிலிருந்து விழுந்தது. உள்ளிருந்த தட்டு கடகடவென ஒலித்து நின்றது. பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றபோது, மீட்கும் செலவு மடிக்கணினியின் விலையினும் மிகும் என்றும், மீளும் என்பதற்கு உறுதி இல்லை என்றும் விடை வந்தது. புதிய மடிக்கணினி வாங்கிவிட்டார்கள். தாலாட்டை எந்தக் கடையில் வாங்குவது?

இனிப் பொருளுக்கு வருவோம். பழைய மடிக்கணினிகளில் இருப்பது வன்தட்டு எனப்படும் ஹார்ட் டிஸ்க். காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல, அதன் மேல் நுண்ணிய முனை ஒன்று தொடாமல் மிதந்து எழுதும், படிக்கும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில் 24 அங்குல அகலமுள்ள தட்டுகள் 50 இருந்தன. அவை யாவும் சேர்ந்து ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அவ்விடம் போதாமற் போகலாம். மற்றொரு வகை எஸ்.எஸ்.டி. அதில் சுழல்வது யாதொன்றும் இல்லை. மின்னணுச் சில்லுகளே நினைவைத் தாங்குகின்றன. வன்தட்டு வினாடிக்கு ஏறக்குறைய 100 எம்.பி. தரும், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500க்கு மேல் தரும், என்.வி.எம்.இ. வகையோ 3000ஐயும் கடக்கும்.

பழைய மடிக்கணினி மெதுவாக இயங்குகிறது என்று சொல்லி அதைக் கழித்துவிட நினைப்போர் பலர். ஓர் எஸ்.எஸ்.டி.யைச் சேர்த்து, இயங்குதளத்தை அதில் அமைத்து, பழைய வன்தட்டைப் பொருள் வைக்கும் இடமாக விட்டால், அதே மடிக்கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகளிலும் லினக்ஸ் இயங்கும். அதில் தமிழிலும் எழுதலாம். ஆதலின் பழையது என்பதனாலேயே பயனற்றது என்று முடிவு செய்தல் வேண்டா.

இரண்டாவது தட்டை வாங்குமுன் அதற்கு இடம் உண்டா என்று பார்த்தல் வேண்டும். இடம் மூவகைப்படும். முதலாவது, இரண்டரை அங்குலத் தட்டுக்குரிய அறை. இரண்டாவது, எம்.2 எனப்படும் சிறு பொருத்துவாய். மூன்றாவது, பழைய மடிக்கணினிகளில் டி.வி.டி. ஓட்டி இருக்கும் இடம். ஓட்டியைக் கழற்றிவிட்டு, கேடி எனப்படும் சட்டத்தில் தட்டைப் பொருத்தி அங்கே செருகலாம். மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் இம்மூன்றும் இரா. சேமிப்புச் சில்லே தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அத்தகையோர் யு.எஸ்.பி. வழி இணைக்கும் வெளித்தட்டையே நாடுதல் வேண்டும். தம் கணினி எவ்வகையினது என்பதை, அடிப்புறத்தில் அச்சிட்டுள்ள மாதிரி எண்ணைக் கொண்டு, செய்தோர் வெளியிட்ட பராமரிப்பு நூலில் காணலாம். கடைக்காரர் வாய்ச்சொல்லினும் அந்நூலே சான்று.

இங்கே அளவுகளில் கவனம் வேண்டும். இரண்டரை அங்குலத் தட்டுகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இரு தடிமனில் உள்ளன. மெல்லியது பெரிய அறையில் அடங்கும். தடித்தது சிறிய அறையில் நுழையாது. டி.வி.டி. இடத்துச் சட்டமும் பெரும்பாலும் 9.5, 12.7 என இரு தடிமனில் வரும். எம்.2 தட்டில் 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்பது பொருள்.

எல்லாவற்றிலும் பெரிய மயக்கம் எம்.2இல்தான் நேர்கிறது. ஒரே வடிவில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. நம்மில் பலர் ரயில்வேயில் பணிபுரிபவர். அகலப்பாதை வண்டி மீட்டர்பாதையில் ஓடாது என்பதை நமக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. அதுபோல, சாட்டாவை மட்டும் ஏற்கும் பொருத்துவாயில் என்.வி.எம்.இ. இயங்காது; என்.வி.எம்.இ.யை மட்டும் ஏற்பதில் சாட்டா இயங்காது. இரண்டையும் ஏற்பனவும் சில உள. வைஃபை அட்டைக்கென அமைந்த பொருத்துவாயைத் தட்டுக்குரியது எனக் கருதி ஏமாறுவதும் உண்டு. டில்லி நேரு பிளேஸுக்கோ மும்பை லேமிங்டன் ரோட்டுக்கோ செல்பவரிடம் பணம் கொடுத்து வாங்கிவரச் சொல்லும்போது, மாதிரி எண்ணையும் வகையையும் தாளில் எழுதிக் கொடுத்தல் நன்று.

பொருள் வந்ததும் திருப்புளியை எடுத்துவிடலாகாது. முதலில், இருப்பதை முழுவதும் வேறொரு வெளித்தட்டில் படியெடுக்க வேண்டும். அடுத்து, விண்டோஸ் தன் தட்டைப் பிட்லாக்கர் எனும் பூட்டால் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில கணினிகளில் நாம் கேளாமலே பூட்டியிருக்கும்; உள்ளமைப்பு மாறியதை உணர்ந்தால் 48 இலக்கமுள்ள மீட்புத் திறவைக் கேட்கும். அதை முன்னரே தாளில் எழுதிப் பத்திரப்படுத்துக. திறந்தால் உத்தரவாதம் நீங்குமா என்பதையும் கேட்டறிக.

பின்னர்க் கணினியை முற்றும் அணைத்து, மின்கம்பியை நீக்கி, மின்கலத்தைக் கழற்றுதல் வேண்டும். மின்கலம் உள்ளே இருப்பின், மூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பை முதலில் எடுத்தல் வேண்டும். வடநாட்டுக் குளிர்காலத்தில் கம்பளி அணிந்த உடம்பில் நிலைமின்சாரம் மிகுதி. கதவின் தாழைத் தொட்டால் சுரீர் என்பது நாம் அறிந்ததே. அந்தச் சுரீர் சில்லுக்குப் பகை. ஆதலின் கம்பளியைக் களைந்து, பூச்சில்லாத உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டு வேலையில் இறங்குக. திருகாணிகள் நீளத்தில் வேறுபடும். தாளில் மூடியின் படம் வரைந்து, கழற்றிய இடத்திலேயே அவற்றைக் குத்தி வைத்தால் மயக்கம் நேராது.

எம்.2 தட்டைச் சற்றே சாய்த்துச் செருகி, மெல்லக் கீழே அழுத்தி, முனையில் ஒரு திருகாணியால் நிறுத்த வேண்டும். வலிந்து நுழைத்தல் கூடாது. நுழையவில்லையெனில் வகை தவறியது என்றே கொள்க. டி.வி.டி. இடத்தைப் பயன்படுத்துவோர், விரைவான எஸ்.எஸ்.டி.யை முதன்மை அறையிலும், பழைய வன்தட்டைச் சட்டத்திலும் வைத்தல் பொதுவாக நலம். சில பழைய கணினிகளில் டி.வி.டி. வழியின் வேகம் குறைவு.

கணினியை மீண்டும் இயக்கியதும் புதிய தட்டு தானாக வந்து நில்லாது. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் எனும் பகுதியில், பயோஸ் காலத்து எம்.பி.ஆர். முறையைத் தவிர்த்து ஜி.பி.டி. முறையைத் தெரிந்து, அதன்பின் வடிவமைக்க வேண்டும். எம்.பி.ஆர். 2 டி.பி.க்கு மேல் உதவாது. எந்தத் தட்டை வடிவமைக்கிறோம் என்பதை அதன் அளவைக் கண்டு இருமுறை உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும். இவ்வொரு நொடியில் கவனம் பிறழ்ந்தால் பழைய தட்டு வெறுமையாகிவிடும். இன்னொன்று: 1 டி.பி. என்று வாங்கியது 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சினக்க வேண்டா. செய்தோர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. வேறுபாடு அவ்வளவே.

இதுகாறும் சொன்னது கைவேலை. நாம் சொல்ல வந்தது இனித்தான். இரண்டாவது தட்டை அமைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்பது பெரும் பிழை. முதல் தட்டில் இருந்ததை இரண்டாவதுக்கு நகர்த்திவிட்டு அங்கே அழித்தால், இடம் மாறியதே அன்றிப் படி பெருகவில்லை. இரண்டிலும் வைத்தாலும், இரண்டும் ஒரே பெட்டிக்குள் உள்ளன. பெட்டி களவு போனால் இரண்டும் போம். தேநீர் கொட்டினால் இரண்டும் நனையும். தட்டு இரண்டாயினும் இடம் ஒன்றே.

நம் முன்னோர் நூல்களை ஏட்டில் எழுதினர். ஏட்டைச் செல்லரிக்கும், தீ விழுங்கும். ஆகவே மீண்டும் மீண்டும் படியெடுத்தனர். ஓர் ஊரில் அழிந்தது மற்றோர் ஊரில் இருந்ததனாலேயே பல நூல்கள் நம் கைக்கு வந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடி, ஒப்பிட்டு, 1894ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பதிப்பித்தார். அத்துணை முயன்றும் 267, 268 ஆகிய எண்களுக்குரிய இரு பாட்டுகள் கிடைக்கவில்லை. அவ்விடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது. எந்தப் புலவர் எந்த வேந்தனைப் பாடினார் என்பதை நாம் அறியோம். எங்கோ ஒரு வீட்டில் இன்னொரு படி இருந்திருப்பின் அவையும் வாழ்ந்திருக்கும்.

ரயில்வே ரசீது காகிதத்தில் எழுதப்பட்ட காலத்தில், ஒரு படி சரக்கு அனுப்பியவரிடமும், ஒரு படி புறப்படும் நிலையத்திலும், ஒரு படி போய்ச் சேரும் நிலையத்திலும் இருந்தன. ஒன்று தொலைந்தால் மற்றொன்று பேசும். அந்த நெறியையே வீட்டிலும் கைக்கொள்ளலாம். மடிக்கணினியின் முதல் தட்டு இயங்குதளத்துக்கு. இரண்டாவது, குடும்பத்தின் பொருள்களுக்கு. அப்பொருள்களின் இரண்டாம் படி, பீரோவில் தனியே வைக்கும் வெளித்தட்டில். மூன்றாம் படி, ஊரிலுள்ள அண்ணன் வீட்டிலோ, இணையவழிச் சேமிப்பகத்திலோ. எஸ்.எஸ்.டி.யை மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் பூட்டி வைத்தால் அதன் நினைவு மங்கக்கூடும். பீரோவில் வைப்பதற்கு வன்தட்டு போதும், அதையும் அவ்வப்போது இயக்கிப் பார்த்தல் வேண்டும். நாம் ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று கருவிகளைத் துடைத்துப் பொட்டிடுகிறோம். பூசை முடிந்த மறுநாள் வெளித்தட்டையும் எடுத்து, புதியனவற்றைச் சேர்த்து, பழையனவற்றில் நான்கைந்தைத் திறந்து பார்ப்பது நல்வழக்கமாகும். திறந்து பாராத படி, படியெனக் கொள்ளத் தக்கதன்று.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் நாடகங்களின் ஒலிப்பதிவுகள், பழைய மலர்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் ஆகியன செயலாளர் மாறுந்தோறும் வீடு வீடாக மாறிச் செல்கின்றன. யாரேனும் ஓர் உறுப்பினர் கழித்துவிட நினைக்கும் மடிக்கணினியைச் சங்க நூலகத்துக்கு அளித்தால், அதில் இரண்டாவது தட்டை அமைக்கும் செலவைச் சங்கம் ஏற்கலாம். அமைக்கும் உழைப்பை இளைஞர் ஏற்கலாம். அதன் படி ஒன்று, பணி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பும் உறுப்பினரோடு தமிழ்நாட்டுக்குச் செல்லட்டும். ஒவ்வொரு வீட்டிலும் முதியோர் இருக்கின்றனர். அவர்கள் பேசும் வட்டாரத் தமிழும், பாடும் பாட்டும், இந்தியும் ஆங்கிலமும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு நாளை வேறெங்கும் கிட்டா. இவ்வாரமே அவற்றைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்ததை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.