‘ஐ வொர்க்ட் தேர்’னு சொன்னேன், வேலையை விட்டுட்டேன்னு நினைச்சுட்டாங்க!

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க: “இங்கிலீஷ்ல டென்ஸ் மட்டும் ஏன் எனக்கு வரவே மாட்டேங்குது?” அதனால இன்னைக்கு அதைப் பத்தித்தான்.

முதல்ல என் கதை ஒண்ணு. சில வருஷம் முன்னாடி ஒரு இன்டர்வியூ. “உங்களைப் பத்திச் சொல்லுங்க”ன்னு கேட்டாங்க. அப்போ நான் பார்த்துக்கிட்டிருந்த வேலையைப் பத்தி, “ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்”னு சொன்னேன். அவங்க உடனே, “ஓ, ஏன் விட்டீங்க? இப்போ எங்க இருக்கீங்க?”ன்னு கேட்டாங்க. நான் விடவே இல்ல! அன்னைக்குக் காலையில கூட அந்த ஆபீஸுக்கு லீவ் சொல்லிட்டுத்தான் வந்திருந்தேன். விளக்கம் சொல்லப் போய் இன்னும் குழப்பி, கடைசியில நான் எதையோ மறைக்கிறேன்ங்கிற மாதிரி ஆயிடுச்சு. அந்த வேலை கிடைக்கல. அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நிமிஷம் அவங்க முகம் மாறினது இன்னும் ஞாபகம் இருக்கு.

அங்க எனக்கு வேண்டியிருந்தது “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்”. ‘ஹேவ் பீன்’னு ஆரம்பிச்சா எங்கயாவது மாட்டிப்போம்னு பயந்து, பாஸ்ட் டென்ஸ்தான் சேஃப்னு அதுல போய் ஒளிஞ்சுக்கிட்டேன். நம்மள்ல நிறைய பேர் இதைத்தான் பண்றோம்.

அதனால இன்னைக்கு நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். எல்லா டென்ஸ் தப்பும் ஒரே எடை கிடையாது. சிலது காதுக்குத்தான் இடிக்கும், சிலது அர்த்தத்தையே மாத்திடும். முதல்ல அர்த்தத்தை மாத்துறதைப் பிடிங்க.

இப்போ இதைப் பாருங்க. தமிழ்ல “மூணு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன்”னு சொல்றோம். ‘பார்க்கிறேன்’, நிகழ்காலம். அதை அப்படியே எடுத்துட்டுப் போய் “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்”னு சொல்றோம். இது தப்புதான். ஆனா கேக்குறவருக்கு நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்கன்னு புரிஞ்சிடும். “ஐ வொர்க்ட்”னு சொன்னா அது புரியாது. கதை முடிஞ்சதுன்னுதான் அவர் எடுத்துப்பார்.

இதுல ‘ஃபார்’, ‘சின்ஸ்’ குழப்பமும் சேர்ந்து வரும். அதுக்குத் தமிழ்லயே ஒரு குறுக்கு வழி இருக்கு. ‘மூணு வருஷமா’ன்னு ‘ஆ’ல முடிஞ்சா ஃபார். ‘2021-ல இருந்து’ன்னு ‘இருந்து’ வந்தா சின்ஸ். அவ்வளவுதான்.

அடுத்தது நம்ம ‘இரு’. இந்த ஒரு வார்த்தை நமக்கு எவ்வளவோ வேலை செய்யுது. “போன வாரம் ஊட்டி போயிருந்தேன்”, “நேத்தே மெயில் அனுப்பியிருக்கேன்” ரெண்டுமே அழகான தமிழ். ‘போயிருந்தேன்’ன்னா போயிட்டுத் திரும்பி வந்தாச்சுன்னு கூட அதுக்குள்ளயே இருக்கு. இதை வார்த்தைக்கு வார்த்தை மாத்தினா “ஐ ஹேட் கான் டு ஊட்டி லாஸ்ட் வீக்”, “ஐ ஹேவ் சென்ட் தி மெயில் யெஸ்டர்டே”ன்னு வந்து நிக்கும்.

“ஐ ஹேட் கான்”னு ஆரம்பிச்சா, இங்கிலீஷ் காதுக்கு அது பாதிக் கதை. ‘ஹேட்’ங்கிறது இன்னொரு பழைய சம்பவத்துக்கும் முன்னாடி நடந்ததைச் சொல்றதுக்கு. “நான் ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள ட்ரெயின் கிளம்பிடுச்சு”ங்கிற மாதிரி இடத்துல, ட்ரெயின் கிளம்பினதுக்கு ‘ஹேட் லெஃப்ட்’. இன்னொரு சம்பவம் இல்லைன்னா, கேக்குறவர் “சரி, அப்புறம்?”னு காத்துக்கிட்டு இருப்பார். நீங்க பேசி முடிச்சிருப்பீங்க.

இதுக்கு ரெண்டே கேள்வி. வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி உங்களையே கேட்டுக்குங்க. ஒண்ணு: இது முடிஞ்சிடுச்சா, இன்னும் ஓடிக்கிட்டு இருக்கா? ஓடுதுன்னா ‘ஹேவ் பீன்’. ரெண்டு: முடிஞ்சதுன்னா, எப்போன்னு நேரம் சொல்றேனா? நேத்து, போன வாரம், 2019-ல... இப்படி நேரம் வந்தாலே சிம்பிள் பாஸ்ட். “ஐ வென்ட் டு ஊட்டி லாஸ்ட் வீக்.” “ஐ சென்ட் இட் யெஸ்டர்டே.” நேரமே சொல்லாம, வேலை முடிஞ்சதை மட்டும் சொல்லணுமா? அப்போ தாராளமா “ஐ ஹேவ் சென்ட் இட்”.

சரி, இதுவரைக்கும் தமிழ் நம்மளை எங்க தடுக்கி விடுதுன்னு பார்த்தோம். தமிழ் நமக்குக் கை கொடுக்குற இடமும் இருக்கு, அதை யாரும் சொல்லித் தர்றதில்ல.

“ஐ டிட் நாட் வென்ட்.” இதுக்காகக் கிளாஸ்ல திட்டு வாங்காதவங்க கை தூக்குங்க! இப்போ தமிழைப் பாருங்க. “நான் வரலை.” வர, இல்லை. அந்த ‘வர’ல காலமே கிடையாது. யாராவது ‘வந்தலை’ன்னு சொல்றோமா? சொல்றதில்ல. இங்கிலீஷும் அதேதான். ‘டிட்’ வந்துட்டா இறந்த காலம் அதுலயே முடிஞ்சது. பின்னாடி வர்ற வினை வெறும் ‘கோ’, வெறும் ‘கம்’. “ஐ டிட் நாட் கோ.” வாயில ‘வென்ட்’ வரும்போது ‘வந்தலை’யை நினைச்சுக்குங்க. சிரிப்பு வரும், தப்பு வராது.

அதே மாதிரி ‘இஃப்’. “இஃப் இட் வில் ரெயின்”னு சொல்றோம். ஆனா தமிழ்ல “நாளைக்கு மழை பெஞ்சா மேட்ச் நடக்காது”ன்னுதான் சொல்றோம். அந்த ‘பெஞ்சா’ல எதிர்காலம் இருக்கா? இல்ல. அப்போ இங்கிலீஷ்லயும் அந்தப் பக்கம் ‘வில்’ வேண்டாம். “இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ, தே வோன்ட் ப்ளே.”

இன்னும் ஒண்ணு, “ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்”. “எனக்கு ரெண்டு அண்ணன் இருந்துக்கிட்டு இருக்காங்க”ன்னு யாராவது சொல்வோமா? அவ்வளவுதான் மேட்டர். “ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்.”

கடைசியா ஒரு விஷயம். மீட்டிங்ல பதில் தெரிஞ்சும் டென்ஸ் பயத்துல வாயே திறக்காம உட்காந்திருக்கீங்களே, உங்களுக்குத்தான் இது. நீங்க பண்ற தப்பு பலதும் முட்டாள்தனம் இல்ல, தமிழ் இலக்கணம் இன்னொரு மொழிக்குள்ள எட்டிப் பார்க்குது, அவ்வளவுதான். அடுத்த முறை யாராவது ஒரு ‘டிட் வென்ட்’டுக்குச் சிரிச்சா, அது காதுக்கு இடிக்கிற தப்புதான்னு விட்டுட்டுப் பேச்சை முடிங்க. ஆனா வேலை, தேதி, பணம், யார் எப்போ என்ன செஞ்சாங்க, இதெல்லாம் பேசும்போது மட்டும் ஒரு நொடி நிதானிங்க. நான் அந்த இன்டர்வியூல அந்த ஒரு நொடியைத்தான் விட்டேன்.

வீட்டுப்பாடம் சின்னதுதான். இன்னைக்கு ராத்திரி ஒரு நிமிஷம், நேத்து என்ன பண்ணீங்கன்னு இங்கிலீஷ்ல பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. திருப்பிக் கேக்கும்போது எத்தனை ‘ஹேட்’ வருதுன்னு மட்டும் எண்ணுங்க. யாருக்கும் அனுப்ப வேண்டாம், நீங்க மட்டும் கேட்டா போதும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதுவரைக்கும், தப்பாவாவது பேசிக்கிட்டே இருங்க.