வீட்டாய்வு அறிக்கை கைமாறலாமா?

"வீடொன்றை வாங்க எண்ணினோம். பணங் கொடுத்து அதனை ஆய்வு செய்வித்தோம். விற்பனையோ இடையில் முறிந்துபோயிற்று. கையில் எஞ்சியது ஆய்வறிக்கை ஒன்றே. அதே வீட்டை வாங்க வரும் மற்றொருவருக்கு அதனை விற்றால் என்ன?" இங்கிலாந்தில் வீடு வாங்க முற்படும் எவர்க்கும் எழக்கூடிய வினா இது. நம் உறவினர் பலர் அந்நாட்டிற் குடியேறி வாழ்வதால், இது நமக்கும் முற்றிலும் அயலான விடயமன்று.

இவ்வினாவை நாம் விளங்கிக்கொள்வதற்கு முதலிற் சொல்லொன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். 'சேர்வே' என்றவுடன் நம் நாட்டார் நினைப்பது நில அளவையையே. எத்தனை பரப்பு, எத்தனை குழி, நாற்புறமும் எல்லை யாது என்பவற்றை நில அளவையாளர் அளந்து படம் வரைந்து தருவார். அப்படம் உறுதியோடு சேர்ந்து கைமாறும். தலைமுறை பல கடந்தும் பயன்படும். இங்கிலாந்தில் வீடு வாங்குவோர் செய்விக்கும் ஆய்வோ வேறு. கூரை ஒழுகுமா, சுவரில் ஈரம் ஏறியுள்ளதா, மரம் உளுத்துள்ளதா, அத்திவாரம் தாழ்ந்து வெடிப்புக் கண்டுள்ளதா என்று கட்டட ஆய்வாளர் ஒருவர் பார்த்துத் தம் கருத்தை எழுதித் தருவதே அது. நிலப்படம் அளவைக் காட்டுவது; ஆய்வறிக்கை ஒருவரது மதிப்பீட்டைக் கூறுவது. இவ்வேறுபாட்டிலேயே நம் வினாவுக்குரிய விடையின் பாதி அடங்கியுள்ளது.

விற்பனை ஏன் முறிகின்றது? நம் நாட்டில், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும். வாய்ச்சொல் போதாது. இங்கிலாந்திலும், 1989 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, நில விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து இரு தரத்தாராலும் ஒப்பமிடப்படல் வேண்டும். விலை பேசி இணங்கிய நாளுக்கும், ஒப்பந்தப் பிரதிகள் கைமாறும் நாளுக்கும் இடையே வாரங்கள் பல கழியும், மாதங்களும் கழிவதுண்டு. அதுவரை எவரும் விலகலாம். விற்பவர் கூடுதல் விலை தருவோரிடம் சாய்ந்துவிடலாம். வாங்குபவருக்குக் கடன் கிடையாமற் போகலாம். வாங்குபவர் ஆய்வாளருக்குக் கொடுத்த நூற்றுக்கணக்கான பவுணோ திரும்பி வாராது. குருவி சேர்ப்பதுபோற் பணஞ் சேர்த்த இளந் தம்பதியருக்கு இது பெரிய இழப்பு. அதனை ஓரளவேனும் மீட்க அவர்கள் விரும்புவதில் வியப்பில்லை.

ஆனால் அவர்கள் விற்க எண்ணும் பொருள் யாது? அதனையே நாம் ஆராய்தல் வேண்டும்.

பாடசாலை அதிபர் ஒருவர் மாணவன் ஒருவனைப் பற்றி ஒரு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். அவர் எழுதியதற்கு அந்நிறுவனத்துக்கு அவர் பொறுப்பாளி. அக்கடிதம் ஆண்டு இரண்டு கழித்து வேறொருவர் கையிற் சிக்கினால், அவர் அதனை வாசிக்கலாம். அதனை நம்பி நட்டமடைந்தபின் அதிபரிடம் வந்து கணக்குக் கேட்க இயலுமா? வீட்டாய்வு அறிக்கையின் தன்மையும் இத்தகையதே. வாங்குபவர் விலை கொடுத்துப் பெறுவது தாளையன்று. தாளுக்குப் பின்னால் நிற்கும் பொறுப்பை. ஆய்வாளர் கவனக்குறைவாற் பெருங் குறையொன்றைக் காணத் தவறினால், வாங்கியவர் அவரிடம் நட்டஈடு கோரலாம். றோயல் பட்டய அளவையாளர் நிறுவனத்தின் ஒழுங்கிற்குட்பட்ட ஆய்வகங்கள் இதற்கெனத் தொழிற்பொறுப்புக் காப்புறுதி வைத்திருத்தல் வேண்டும்.

அப்பொறுப்பு எவருக்கு உரியது? ஆய்வைச் செய்வித்தவருக்கே. அறிக்கை தம் கட்சிக்காரரின் பயனுக்கு மட்டும் உரியது, பிறர் அதனை நம்பினால் தாம் பொறுப்பல்லர் என்று ஆய்வாளர்கள் தம் ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது வழக்கம். அறிக்கையின் பதிப்புரிமையும் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும். ஆதலின் அதனைப் பிரதி செய்து விற்பது ஒப்பந்தத்துக்கும் பதிப்புரிமைக்கும் முரணாகலாம்.

இங்கே 1989 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பொன்று நினைவுகூரத் தக்கது. நொரிச் நகரிற் பெண்மணி ஒருவர் எளிய வீடொன்றை வாங்கினார். கடன் கொடுத்த நிறுவனத்துக்காக வீட்டைப் பார்த்த மதிப்பீட்டாளர், முக்கிய திருத்தம் எதுவுந் தேவையில்லை என எழுதியிருந்தார். புகைபோக்கியைத் தாங்கிநின்ற கீழ்ப்பகுதி முன்னரே அகற்றப்பட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. பின்னர் அதன் செங்கற்கள் சரிந்து படுக்கையறையின் உட்கூரையைப் பிளந்து வீழ்ந்தன. மதிப்பீட்டை நாடியது கடன் நிறுவனமாயினும், அதற்குரிய பணத்தைக் கொடுத்தவரும் அதனை நம்பி வாங்கப்போகிறவரும் இன்னாரே என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரிந்திருந்தது. ஆதலால் அவர் அப்பெண்மணிக்கும் பொறுப்பாளியே எனச் சபை தீர்த்தது. ஆயினும் அப்பொறுப்பு அவ்வாறு அறியப்பட்ட வாங்குநரோடு நின்றுவிடும். எங்கிருந்தோ வந்து அறிக்கையை விலைக்கு வாங்கியவரை ஆய்வாளர் அறிந்திலர். அவர்பால் அவருக்குக் கடப்பாடு உண்டென நாட்டுவது மிக அரிது.

இன்னுமொன்று. வீடு காலத்தோடு மாறுவது. ஒரு மழைக்காலங் கழிந்தால், அன்று உலர்ந்திருந்த சுவர் இன்று ஈரமாயிருக்கலாம். ஆய்வாளர் உரைத்தது தாம் பார்த்த நாளின் நிலையை மட்டுமே.

எனவே, தாளை மட்டும் மலிவாக வாங்கியவர் தம்மிடம் காவல் ஒன்று உண்டென நம்பிச் சுயமாக ஆய்வு செய்விக்காமல் விடுவாராயின், சிக்கனம் அவருக்கே பகையாகும். சில நூறு பவுண் மிச்சம் பிடிக்கப்போய், கூரைக்கும் அத்திவாரத்துக்கும் பல்லாயிரம் பவுண் கொடுக்க நேரிடும். அந்நாளில் அவர் எவரிடம் முறையிடுவார்?

அங்ஙனமாயின் முதலாமவரின் பணம் வீணே போவதுதானா? நேர்மையான வழியொன்று உண்டு. அவர் தம் ஆய்வாளரை அணுகி, புதியவர் ஒருவர் அதே வீட்டை வாங்க முன்வந்துள்ளார் என அறிவிக்கலாம். ஆய்வாளர் உடன்பட்டால், வீட்டை மீண்டும் பார்த்து, புதியவர் பெயருக்கே அறிக்கையை எழுதிக் கொடுத்து, அவரோடு தனி ஒப்பந்தஞ் செய்யலாம். வேலையின் பெரும்பகுதி முடிந்திருப்பதால், கட்டணத்தைக் குறைக்குமாறு கேட்பதற்கும் இடமுண்டு. முதலாமவருக்கு ஒரு பங்கைக் கொடுப்பது அவ்விருவரின் இணக்கத்தைப் பொறுத்தது. இம்முறையிற் தாளோடு பொறுப்புஞ் சேர்ந்து செல்கின்றது.

ஸ்கொத்லாந்து இச்சிக்கலை வேரிலேயே களைய முற்பட்டது. அங்கே 2008 டிசெம்பர் 1 முதல், வீட்டை விற்பவரே தம் செலவில் ஆய்வறிக்கை, எரிசக்தி அறிக்கை, வினாக்கொத்து ஆகியவை அடங்கிய வீட்டறிக்கையைத் தயாரித்து வைத்தல் வேண்டும். வீடு முதன்முதலிற் சந்தைக்கு வரும்போது அது 12 வாரத்துக்கு மேற்பட்டதாக இருத்தலாகாது. வாங்குபவரும் அதனை நம்பலாம். ஒருவர் பின் ஒருவராகப் பலர் ஒரே வீட்டுக்கு ஆய்வுக் கட்டணங் கொடுக்கும் நிலை இதனாற் குறைந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2007 இல் 'வீட்டுத் தகவற் கட்டு' என்றொரு திட்டம் வந்தது. வீட்டின் நிலை பற்றிய அறிக்கை அதிற் கட்டாயமாக்கப்படவில்லை. 2010 மே மாதத்தில் அத்திட்டமும் நிறுத்தப்பட்டது. ஆகவே, 'வாங்குபவனே, விழித்திரு' என்னும் பழைய விதியே அங்கே பெரும்பாலும் இன்றுஞ் செல்லுபடியாகின்றது.

நேயர்களே! இங்கிலாந்தில் வீடு தேடும் உறவினர் உங்களுக்கு இருப்பின், இவ்வொரு செய்தியை அவர்க்குச் சொல்லுங்கள். பிறர் செய்வித்த ஆய்வறிக்கை கிடைத்தால் வாசிக்கட்டும். எங்கே பார்க்கவேண்டும் என்பதை அது காட்டக்கூடும். ஆனால் பணங் கொடுக்குமுன், "இது பொய்த்தால் எனக்கு விடையிறுப்பவர் யார்?" என்று கேட்கட்டும். அக்கேள்விக்கு ஒரு பெயர் விடையாகக் கிடைத்தாலன்றி, அத்தாளை நம்பி வீடு வாங்குதல் தகாது.