பாம்புக்கடியும் மருந்தும்
(ஆம்புலன்சு ஊழியர்களும் முதலுதவித் தொண்டர்களும் கூடிய கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது மருந்துகளைப் பற்றிய விஷயம். மருந்து என்றால் ஆயிரம் மருந்துகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு மாலைப் பொழுதில் பேசிவிட முடியாது. ஆகையால் ஒரே ஒரு ஆபத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு உபயோகப்படும் மூன்று நான்கு மருந்துகள் உடம்புக்குள் போய் என்ன வேலை செய்கின்றன என்பதைமட்டும் பார்ப்போம். பாம்புக்கடியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், நம் வயற்காட்டு ஜனங்களுக்கு இதைவிடப் பழக்கமான ஆபத்து வேறு இல்லை என்பதுதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருக்கிறார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் 2020-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். செருப்பில்லாமல் வரப்பில் நடப்பவனும், கட்டில் இல்லாமல் தரையில் படுப்பவனும்தான் சாகிறான்.

இதைச் சொன்னவுடனே ஒரு தோழர் எழுந்து, "எங்கள் ஊர் மந்திரக்காரர் நூறு பேரைப் பிழைக்க வைத்திருக்கிறாரே, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்கக்கூடும். பிழைத்தது நிஜம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் எதனால் பிழைத்தார்கள் என்பதல்லவா கேள்வி? நம் நாட்டில் உள்ள பாம்புகளில் பெரும்பாலானவைகளுக்கு விஷமே கிடையாது. சாரையும் தண்ணீர்ப்பாம்பும் கடித்தவனுக்கு மந்திரம் போட்டாலும் பிழைப்பான், போடாவிட்டாலும் பிழைப்பான். விஷப் பாம்பு கடித்தாலும் பலமுறை பல்லை மட்டும் பதித்துவிட்டு விஷத்தை இறக்காமலே போய்விடுகிறது. அப்படிக் கடிபட்டவனும் பிழைப்பான். இந்த இரண்டு கூட்டத்தாரையும் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் மந்திரக்காரர், விஷம் ஏறிச் செத்தவனை மட்டும் "விதி முடிந்தது, நேரம் கடந்து கொண்டுவந்தீர்கள்" என்று கடவுள் கணக்கில் பற்று எழுதிவிடுகிறார். இப்படிப்பட்ட பேரேட்டை எந்தக் கடையிலாவது ஒப்புக்கொள்வார்களா என்று கேட்கின்றோம். விஷக்கல்லுக்கும் பச்சிலைக்கும் இதே சமாதானம்தான். அந்தக் கல் குடிக்கும் நேரம்தான் நோயாளியைக் கொல்லும் நேரம்.

நிற்க, மருந்துக்கு வருவோம்.

பாம்பு விஷத்துக்கு மாற்று என்று நிரூபிக்கப்பட்டது ஒன்றே ஒன்று. அது விஷமுறி ஊசி. 1890-ல் பெரிங்கும் கிடசாடோவும் ஒரு பிராணிக்கு நோய் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் அதன் இரத்தத்திலேயே எதிர்ப்பொருள் உண்டாகிறது என்று காட்டினார்கள். அதே யுக்தியைப் பாம்பு விஷத்துக்குப் பிரயோகித்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு டாக்டர் கால்மெட். இன்றும் அதே முறைதான். குதிரைக்குச் சிறுகச்சிறுக விஷத்தை ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்து, சுத்தம் செய்து, பொடியாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். நம் நாட்டு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்துச் செய்யப்படுவது. ஆகையால் எந்தப் பாம்பு என்று தெரியாமற் போனாலும் மருந்து போடலாம். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு வருவதற்காக ஒரு மணி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. செத்த பாம்பின் தலையும் கடிக்கக்கூடும் என்பதை வேறு மறக்கவேண்டாம்.

இந்த விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் வெகுகாலமாகப் பெரும்பகுதி வந்துகொண்டிருக்கிறது. ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட இருளர் கையால் எடுத்த விஷம், குதிரையின் இரத்தமாகி, பெரிய ஜாதிக்காரர் என்பவருடைய நரம்பிலும் ஏறுகிறது. அந்தச் சமயத்தில் தீட்டுப் பார்க்கிறவரை நாம் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இப்பொழுது அளவைக் கவனியுங்கள். காய்ச்சல் மாத்திரையைக் குழந்தைக்குக் குறைத்துக் கொடுக்கிறோம். ஏன்? அந்த மருந்து உடம்பின்மேல் வேலை செய்வதால் உடம்பின் எடைக்குத் தக்கபடி அளக்கவேண்டும். விஷமுறி ஊசி அப்படி அல்ல. அது விஷத்தைப் பிடித்துக்கொள்வதற்காகப் போகிறது. பாம்பு குழந்தைக்கு என்று குறைத்து விஷம் வைப்பதில்லை. ஆகையால் 10 கிலோ குழந்தைக்கும் 70 கிலோ ஆளுக்கும் முதல் அளவு ஒன்றே, வழக்கமாக 10 குப்பி. கர்ப்பிணிக்கும் அதே அளவுதான். இதன் கணக்கும் எளியது. கரைத்த மருந்து 1 மில்லிலிட்டர், கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். குப்பிக்கு 10 மில்லிலிட்டர், 10 குப்பிக்கு 100 மில்லிலிட்டர், ஆகவே 60 மில்லிகிராம் விஷத்துக்கு ஆயிற்று. கண்ணாடி விரியன் ஒரு கடியில் இறக்குவது சராசரி 63 மில்லிகிராம் அளவு என்று கண்டிருக்கிறார்கள். "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா?" என்று தாய் பயந்து கையைப் பிடித்தால், நீங்கள் இந்தக் கணக்கை அவளுக்குப் பொறுமையாகச் சொல்லவேண்டும்.

மருந்து இரத்தக் குழாய் வழியாகத்தான் போகவேண்டும். கடிவாயைச் சுற்றிக் குத்துவதில் பிரயோஜனமில்லை, வலியும் வீக்கமும்தான் மிச்சம். விஷம் ஏறிய அடையாளம் இல்லாதவனுக்கு "எதற்கும் இருக்கட்டும்" என்று போடவும் கூடாது. அடையாளம் என்ன? விரியன் விஷம் இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கிறது. சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் 20 நிமிஷம் வைத்துச் சாய்த்துப் பார்த்தால், உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. இதற்கு லட்ச ரூபாய் யந்திரம் வேண்டியதில்லை. ஆனால் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் பொய் சொல்லும். இப்படிப்பட்ட நோயாளிக்கு வலிக்கு ஆஸ்பிரின் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும். பாரசிட்டமால் கொடுக்கலாம்.

நல்ல பாம்பின் வழி வேறு. (புற்றுக்குப் பால் வார்க்கும் தாய்மார்கள் மன்னிக்கவேண்டும், பாலுக்கும் பாம்புக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது.) நரம்பின் நுனியிலிருந்து அசெட்டில்கோலின் என்கிற ஒரு பொருள் புறப்பட்டுத் தசையில் உள்ள ஒரு பூட்டைத் திறந்தால்தான் தசை அசையும். நல்ல பாம்பின் விஷம் அந்தப் பூட்டின் துவாரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முதலில் கண் இமை தொங்கும், பிறகு பேச்சுக் குளறும், கடைசியில் மூச்சு விடும் தசை நிற்கும். நியோஸ்டிக்மின் என்கிற மருந்து, அசெட்டில்கோலினை அழிக்கும் பொருளைத் தடுப்பதால் சாவிகள் பெருகி, விஷத்தோடு போட்டியிட்டுச் சில பூட்டுகளையாவது திறக்கின்றன. ஆனால் அதே பொருள் எச்சிலைப் பெருக்கும், இருதயத்தை மெதுவாக்கும். அதனால் அட்ரோபினை முந்திக் கொடுத்து அந்தக் கெடுதலை அடக்குகிறார்கள். மருந்து சாஸ்திரம் என்பது இவ்வளவுதான்: எந்தக் கதவைத் தட்டினால் வேறு எந்தக் கதவு கூடவே திறக்கும் என்று முன்கூட்டி அறிவது.

கட்டுவிரியன் இதிலும் மோசம். இராத்திரியில் தரையில் தூங்குகிறவனைக் கடிக்கும். வலியே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பான், இமை தொங்கும், பேய் அடித்தது என்று பூசாரியைக் கூப்பிடுவார்கள். இதன் விஷம் பூட்டைவிட்டு நரம்பு நுனியையே கெடுத்துவிடுவதால் நியோஸ்டிக்மினுக்கு அங்கு அதிக வேலையில்லை. கெட்ட நுனியை விஷமுறியும் திருப்பிக் கட்டாது. அது தானாகத்தான் வளரவேண்டும், அதற்கு நாட்கள் ஆகும். அதுவரை நீங்கள் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தால் ஆள் பிழைப்பான். கண் திறக்கவில்லை, கை அசையவில்லை என்று செத்தவனாக எண்ணிவிடக் கூடாது. அவன் காதில் நாம் பேசுவதெல்லாம் விழுந்துகொண்டிருக்கலாம்.

விஷமுறியிலும் குற்றம் உண்டு, மறைப்பதில் நமக்கு லாபமில்லை. குதிரைச் சரக்கை நம் உடம்பு அந்நியமென்று எதிர்க்கலாம். அரிப்பு, தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல், இரத்த அழுத்தக் குறைவு வரலாம். அப்பொழுது தாமதிக்காமல் அட்ரினலின். பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறச் சதையில். அது சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும், தளர்ந்த இரத்தக் குழாயை இறுக்கும். 2011-ல் வெளியான இலங்கை ஆராய்ச்சியில், விஷமுறிக்கு முன்னால் சொற்ப அட்ரினலின் கொடுத்தவர்களுக்குக் கடுமையான எதிர்ப்பு குறைந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் அப்படி உதவவில்லை. தோலில் சொட்டு விட்டுச் சோதித்துப் பார்க்கும் பழைய வழக்கமும் வரப்போவதை முன்னறிவிக்காது என்று கண்டு விட்டுவிட்டார்கள். வைத்தியத்திலும் சடங்கு உண்டு. ஆனால் அங்கே சோதித்துத் தள்ளுவதற்கு வழியிருக்கிறது. இன்னொரு குறை, ஒரு பிரதேசத்து விஷத்தைக்கொண்டு செய்த மருந்து தூரதேசத்துப் பாம்புக்குச் சரியாக வேலை செய்வதில்லை என்பதும், மலைநாட்டுக் குழிவிரியனுக்கு இம்மருந்து உதவாது என்பதுமாகும்.

இனி உங்கள் கைவேலை. கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கட்டின காலை வெட்டவேண்டி வரும். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பனிக்கட்டி வைக்காதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். எலும்பு முறிந்த காலைப்போல் மட்டை வைத்து அசையாமல் கிடத்தி, நடக்கவிடாமல் தூக்கிவந்து, 108-ஐக் கூப்பிடுங்கள். வழியில் யாராவது கயிற்றுக் கட்டுப் போட்டிருந்தால் அதைப் பட்டென்று அவிழ்க்க வேண்டாம். அடைபட்ட விஷம் ஒரே மூச்சில் பாயும். மருந்தும் மூச்சுப் பையும் தயாரான இடத்தில் டாக்டர் பார்க்க மெதுவாக அவிழ்க்கட்டும். கடித்த நேரம், இமை தொங்கின நேரம், முதல் வாந்தி, ஈறில் இரத்தம் கண்ட நேரம், வீக்கம் எதுவரை ஏறியது என்பதை மையால் கோடு போட்டு, ஒரு காகிதத்தில் எழுதி, ஆளோடு சேர்த்து ஒப்புவியுங்கள். போகிற ஆஸ்பத்திரியில் விஷமுறி இருக்கிறதா என்பதை வண்டி புறப்படும்போதே போனில் கேட்டுவிடுங்கள்.