பொதுச்சுவரும் அண்டை வீட்டார் உரிமையும்

 

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊரையொட்டிக் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2014 நவம்பர் மழையில், கடற்கரைச் சாலையிலிருந்த மேரி கட்டடமே இடிந்து விழுந்ததை நாம் அறிவோம். அரசின் மாளிகைக்கே அந்த நிலை என்றால், சுண்ணாம்புக் காரையால் எழுப்பப்பட்ட நம் பழைய வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. காஜியார் வீதி, முல்லா வீதிப் பகுதிகளில் பல வீடுகளுக்கு இடையே நிற்பது ஒரே சுவர். இரு வீட்டு உத்திரங்களும் அதன் மீதே அமர்ந்திருக்கின்றன. அச்சுவர் விரிசல் கண்டால் செலவு யாருடையது?

பிரெஞ்சு சிவில் சட்டம் 1819 ஜனவரி 6-ஆம் நாள் ஆணையால் இங்கு நடைமுறைக்கு வந்தது. அண்டை வீடுகளைப் பிரிக்கும் சுவர், மாறான ஆவணமோ அடையாளமோ இல்லாதவரை, இருவருக்கும் பொது என்றே அச்சட்டம் கொண்டது. பழுது நீக்கவும் திரும்பக் கட்டவும் ஆகும் செலவை உரிமையாளர்கள் அவரவர் பங்கின் விகிதத்தில் ஏற்க வேண்டும். செலவு வேண்டாம் என்பவர் சுவரிலுள்ள தம் உரிமையைக் கைவிட்டு விலகலாம். ஆனால் அவருடைய கட்டடத்தை அச்சுவர் தாங்கி நிற்குமானால் அவ்வாறு விலக இயலாது. உத்திரத்தை நம் வீட்டில் வைத்துக்கொண்டு, செலவை மட்டும் அடுத்த வீட்டில் வைக்க முடியாது என்பதே இதன் கருத்து.

நம் ஃபிக்ஹு நூல்கள் இதே கேள்வியை ஸுல்ஹு, அதாவது சமாதானம் என்னும் பாடத்தில் வைத்துப் பேசுவதே கவனிக்கத்தக்கது. ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய சொல்லின்படி, இடிந்த பொதுச்சுவரைக் கட்டுமாறு பங்காளியைக் கட்டாயப்படுத்த இயலாது. மற்றவர் தம் சொந்தப் பொருளால் கட்ட முன்வந்தால் அவரைத் தடுக்கவும் கூடாது. அவ்வாறு கட்டப்பட்டது கட்டியவருக்கே சொந்தம். பிறகு, 'பாதிப் பணம் தருகிறேன், இடிக்காதீர்' என்று மற்றவர் கேட்டாலும், அதை ஏற்பது கட்டியவர் மீது கட்டாயமில்லை. காலத்தில் கைகொடுக்காதவர் எதை இழக்கிறார் என்று பாருங்கள்.

ஹனஃபீ சட்டங்களைத் தொகுத்து உதுமானிய ஆட்சி 1869 முதல் 1876 வரை வெளியிட்ட மஜல்லாவில் வேறொரு வழி உண்டு. இருவர் உத்திரமும் தாங்கிய சுவர் விழுந்து, ஒருவர் மறுக்க, மற்றவர் கட்டினால், பாதிச் செலவு கைக்கு வரும்வரை மறுத்தவர் அதைப் பயன்படுத்தாமல் தடுக்கலாம். சுவர் விழுந்ததால் ஒரு வீட்டுப் பெண்கள் இருக்குமிடம் மறுவீட்டிலிருந்து தெரியுமானால், சுவர் கட்டக் கட்டாயமில்லை என்றாலும், பலகை முதலியவற்றால் இருவரும் சேர்ந்து மறைப்பு அமைத்தே ஆக வேண்டும். நம் ஊரில் இரு மத்ஹபினரும் சுவரொட்டி வாழ்கின்றனர். யார் எந்த மத்ஹபு என்று பார்த்து மழை பெய்வதில்லை.

அண்டை வீட்டார் தம் சுவரில் மரம் பதிப்பதைத் தடுக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். கேட்டவர்கள் முகம் திருப்பினார்கள். அவர்களோ, அதை உங்கள் தோள்களுக்கிடையே எறிந்தே தீருவேன் என்று கடிந்தார்கள். சுவர் முழுவதும் சொந்தமானவருக்கே இவ்வளவு சொல்லப்பட்டிருக்க, பாதி உரிமையாளர் மல்லுக்கு நிற்பது எப்படித் தகும்?

நடைமுறைக்கு வருவோம். 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல இந்தியச் சட்டங்கள் இங்கு விரிவாக்கப்பட்டன. ஆகவே பாட்டனார் காலத்துப் பிரெஞ்சு ஆவணம் ஒன்றையே நம்பி வழக்குக்குப் போகாமல், முதலில் அதை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். சுவர் பொதுவா, தனியா என்பது அதில் எழுதப்பட்டிருக்கக்கூடும். கொத்தனாரை அழைக்கும்போது இரு வீட்டாரும் உடனிருந்து மதிப்பீடு பெறுங்கள். ஒரு வீட்டின் குளியலறைக் குழாய்க் கசிவால் சுவர் கெட்டிருந்தால், அதைப் பாதிப் பாதி என்பது அநீதி. கசியவிட்டவரே முழுதும் ஏற்க வேண்டும்.

அடுத்த வீட்டில் ஒரு விதவைத் தாய் இருந்து, அவரால் பங்கு தர இயலாவிட்டால், இயன்றவர் முதலில் கட்டிவிட்டு, தவணை எழுதிக்கொள்ளட்டும். கடனை எழுதிவைக்கக் குர்ஆன் கட்டளையிடுகிறது; எனவே எழுதக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். எவ்வளவு செலவு, யார் எவ்வளவு தந்தார், மீதி எப்போது என்பதை இரு சாட்சிகளுடன் எழுதி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். வேலையைக் கோடையிலேயே முடித்தால்தான் சாந்து காயும்.